ஜாக் ரஸ்ஸல் டெரியர்: வண்ணாரப்பேட்டை மாடி வீட்டுக்கு ஒத்துவருமா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு, மேலே மொட்டை மாடி. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம், பகலில் அம்மா மட்டும்தான். பையனுக்கு ஒன்பது வயது. 'சின்ன சைஸ் சார், ஃபிளாட்டுக்குன்னே பொறந்த நாய்' என்று ஒருவர் ஜாக் ரஸ்ஸல் குட்டியைக் காட்டுகிறார். வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்வது?"

வாங்கலாம். ஆனால் அந்த விற்பனையாளர் சொன்ன காரணத்துக்காக வாங்காதீர்கள். ஜாக் ரஸ்ஸலுக்கு உடம்பு மட்டும்தான் சின்னது. உங்கள் வீடு எத்தனை சதுர அடி என்று நான் கேட்க மாட்டேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து அதை வெளியே கூட்டிப்போகப் போவது யார் என்றுதான் கேட்பேன். அதற்கு உங்கள் வீட்டில் ஒருவர் கை தூக்கினால், மற்ற எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம்.

இந்த நாய் எதற்காக உருவாக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால் அதன் பாதிக் குணம் புரிந்துவிடும். இங்கிலாந்தில் டெவன் பகுதியைச் சேர்ந்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியாரின் பெயர்தான் இனத்துக்கு வந்தது. 1795இல் பிறந்தவர், 1883இல் மறைந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1819இல், ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்ற பெட்டை டெரியரை வாங்கினார் என்றும், அவருடைய நாய்களின் வம்சம் அதிலிருந்து தொடங்கியது என்றும் சொல்வார்கள். நரி வேட்டையில் நரி வளைக்குள் போய்ப் பதுங்கிவிட்டால் பெரிய வேட்டை நாய்களால் பின்னால் நுழைய முடியாது. அப்போது இந்தச் சின்ன நாயை உள்ளே விடுவார்கள். இருட்டில், மண்ணுக்கடியில், தன்னந்தனியாகப் போக வேண்டும். நரியைக் கொல்லக் கூடாது, குரைத்தே வெளியே விரட்ட வேண்டும். மேலே நிற்கிறவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று அந்தக் குரைப்பை வைத்துத்தான் தெரியும். கட்டளை கொடுக்க எசமானர் பக்கத்தில் இல்லை, எல்லாவற்றையும் தானே முடிவு செய்தாக வேண்டும்.

இப்போது இதை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். சோபாவைத் தோண்டும், ஓயாமல் குரைக்கும், கூப்பிட்டால் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடரும். இவற்றை வளர்ப்புக் குறை என்று நினைத்து அடிக்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. இருநூறு வருடமாக மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த குணம் அது. அடித்தால் போகாது. அடி வாங்கிய ஜாக் ரஸ்ஸல் பயந்து ஒடுங்குவதைவிடத் திருப்பிக் கடிக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

உருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச நாய் அமைப்பான எஃப்.சி.ஐ.யின் அளவுப்படி உயரம் 25 முதல் 30 செ.மீ., ஒவ்வொரு 5 செ.மீ. உயரத்துக்கும் ஒரு கிலோ எடை, அதாவது ஐந்து, ஆறு கிலோ. வெள்ளைதான் அதிகம் இருக்க வேண்டும், அதன் மேல் கறுப்போ பழுப்போ திட்டுகள். கால் நீண்டு 33 செ.மீ.க்கு மேல் உயர்ந்தால் அது பார்சன் ரஸ்ஸல் என்ற உறவுக்கார இனம். ரோமத்தில் வழவழப்பு, சொரசொரப்பு, இரண்டும் கலந்தது என்று மூன்று வகை உண்டு. நம் ஊருக்கு வழவழப்புதான் நல்லது. வருடம் முழுவதும் முடி கொட்டும், பையனின் பள்ளிச் சீருடையில் ஊசி மாதிரிக் குத்தி நிற்கும், ஆனால் உண்ணியைக் கண்டுபிடிப்பது எளிது. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டில் கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய் நினைவிருக்கிறதா? 1884இல் பிரிஸ்டலில் பிறந்த நிப்பர் என்ற டெரியர் கலப்பு அது. அந்தத் தலைச்சாய்ப்பைத் தினமும் உங்கள் சமையலறையில் பார்ப்பீர்கள்.

முக்கியமாக எலி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வடசென்னையில் இந்த நாயை வளர்ப்பவருக்கு மற்ற எதையும்விட இதுதான் பெரிய விஷயம். நம் தெருக்களில் எலிக்கும் பெருச்சாளிக்கும் பஞ்சமில்லை. கால்வாய் மூடிக்குக் கீழே ஒன்று ஓடினால் ஜாக் ரஸ்ஸல் நடையை நிறுத்திவிடும். ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கும், வால் விறைக்கும், மூச்சுகூட நின்றது போல இருக்கும். மூடியின் ஓட்டையில் மூக்கை வைத்து இரண்டு முறை உறிஞ்சும். அடுத்த நொடி சிமெண்டையே பிறாண்ட ஆரம்பிக்கும். நகத்தில் ரத்தம் வந்தாலும் நிறுத்தாது. "எலி பிடிக்கிற நாய், வீட்டுக்கு நல்லதுதானே" என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். வேண்டாம். கிலோவுக்கு மேல் எடையுள்ள பெருச்சாளி மூலையில் மாட்டிக்கொண்டால் நாயின் முகத்தைக் கிழித்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற அந்தக் கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறி, தேங்கிய தண்ணீரில் பிழைத்துக் கிடந்து, புண் வழியாகவோ வாய், மூக்கு, கண் வழியாகவோ உள்ளே போகும். நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், நாயிடமிருந்து வீட்டாருக்கும் தொற்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும், வருடா வருடம். வழக்கமான கூட்டுத் தடுப்பூசியிலேயே அது சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். தேங்கிய தண்ணீரில் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். காய்ச்சல், வாந்தி, ஈறும் கண்ணும் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது என்று கண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

எலி இருக்கும் இடத்தில் எலி மருந்தும் இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் வைத்த நீல நிறக் கட்டியை நாய் தின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்து ரத்தம் உறையாமல் ஈறிலிருந்தும் மூக்கிலிருந்தும் கசியத் தொடங்கும். புரோமடியோலோன் வகை விஷம் அது. வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்கும், ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். கறுப்புப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடு வேறு மாதிரி. அது வயிற்று அமிலத்தோடு சேர்ந்து விஷவாயுவாக மாறி மணிக்கணக்கில் கொன்றுவிடும், முறிமருந்தும் கிடையாது. விஷம் தின்றது என்றதும் பால் ஊற்றும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. ஜிங்க் பாஸ்பைடில் உணவோ பாலோ அமிலத்தைத் தூண்டி நிலைமையை மோசமாக்கும். எதுவும் ஊற்றாமல், மருந்தின் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். எலி பிடிக்கும் பசை அட்டையில் நாய் ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெய் தடவிப் பிரியுங்கள், மண்ணெண்ணெய் கூடாது. தெருவில் எந்தெந்த வீட்டிலும் கடையிலும் மருந்து வைக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வது, நாயை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது மொட்டை மாடி. உங்கள் பக்கம் புறா வளர்ப்பவர்கள் இருப்பார்கள், கர்ணப் புறாவும் சாதாப் புறாவும் பந்தயத்துக்குத் தயார் செய்யும் வீடுகள் எத்தனையோ. ஒரு நல்ல புறாவுக்குப் பின்னால் அந்த மனிதரின் பல வருட உழைப்பு இருக்கிறது. உங்கள் நாய் கூண்டுப் பக்கம் போய் ஒரு புறாவைக் கவ்வினால் தெருவில் முகம் கொடுத்துப் பேச முடியாது. அது மட்டுமில்லை, தலைக்கு மேலே பறக்கும் புறாவைப் பார்த்துத் தாவும் ஜாக் ரஸ்ஸல் கைப்பிடிச் சுவரைக் கணக்கில் எடுக்காது. நின்ற இடத்திலிருந்தே தன் உயரத்தைப் போல நான்கைந்து மடங்கு தாவக்கூடிய நாய் அது. மூன்றடிச் சுவர் அதற்குத் தடையே இல்லை. மாடியில் எப்போதும் நீளக் கயிறு கட்டி, ஆள் கூடவே இருந்து விடுங்கள். சுவரோரம் தண்ணீர் டிரம், பழைய நாற்காலி என்று ஏறி மிதிக்க எதுவும் இருக்கக் கூடாது.

தெருவில் நடக்கும்போது ஒரு விஷயம் புரியும்: தான் ஆறு கிலோ என்று இந்த நாய்க்குத் தெரியாது. தெரு நாய்கள் நாலு சேர்ந்து நின்றாலும் முதலில் உறுமுவது இதுதான். கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடும் சாமர்த்தியமும் உண்டு. அதனால் மார்பைச் சுற்றிப் பிடிக்கும் ஹார்னஸ்தான் போட வேண்டும். முதல் சில வாரம் ஒரே வழியில், ஒரே நேரத்தில் போங்கள். உங்கள் தெரு நாய்களுக்குப் பிஸ்கட் போட்டுப் பழக்கம் செய்யுங்கள், அவை உங்கள் நாயைத் தெருவின் ஆளாக ஏற்றுக்கொள்ளும். வேறு தெரு எல்லைக்குள் அநாவசியமாக நுழையாதீர்கள். எந்த நாய் உங்கள் நாயைக் கடித்தாலும், உங்களுடையது தடுப்பூசி போட்டதாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்க்கான ஊசி மறுபடி போட வேண்டும். மனிதருக்குக் கடி பட்டால் உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, அன்றே போய்விடுங்கள்.

காசிமேட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம், அந்த மணலில் தோண்ட விட்டால் அதற்குத் திருவிழாதான். ஆனால் வலையிலிருந்து உதறிப் போட்ட மீன்களில் பேத்தை மீன் கிடக்கும். அதன் விஷம் காய்ந்து போன பிறகும் போகாது, ஒரு வாய் தின்றாலே நாய்க்குக் கைகால் விளங்காமல் மூச்சு நின்றுவிடும். கெளுத்தி முள் தொண்டையில் மாட்டுவதும் நடக்கும். "விடு" என்று சொன்னதும் வாயில் இருப்பதைப் போடும் பழக்கம் வந்த பிறகுதான் கடற்கரை. இந்தப் பழக்கத்தைப் பிடுங்கிக் கற்றுக்கொடுக்க முடியாது, மாற்றாக அதைவிட ருசியானதைக் கொடுத்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். வாயில் பந்து இருக்கும்போது ஈரல் துண்டை மூக்கருகே நீட்டுங்கள், பந்து விழும் அந்தக் கணத்தில் "விடு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பந்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போட்டால் நஷ்டமில்லை என்று அதற்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நடை மட்டும் போதாது. காலையில் நாற்பது நிமிடம், மாலையில் அதே அளவு நடந்தாலும், மூளைக்கு வேலை இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து கதவைக் கடிக்கும். செலவில்லாத வழிகள் இருக்கின்றன. பழைய அன்னக்கூடையில் ஆற்று மணலை நிரப்பி மாடி மூலையில் வையுங்கள், அதில் பொம்மையையும் கோழித் துண்டையும் புதைத்துவிடுங்கள். தோண்டுவதற்கு ஒரு இடம் கிடைத்த நாய் மெத்தையை விட்டுவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல், பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டோ, அட்டைப் பெட்டிக்குள் காகிதக் கசங்கலோடு கலந்தோ கொடுங்கள். நீளக் கம்பில் கயிறும் கயிற்று நுனியில் துணியும் கட்டி உங்கள் பையன் பத்து நிமிடம் தரையோடு இழுத்து ஆட்டினால், ஒரு வேட்டைக்குப் போய் வந்த திருப்தி நாய்க்கு. பகலில் அம்மா தனியாக இருக்கும் நேரத்தில் மணல் கூடையும் முடிச்சுத் துண்டும்தான் அவருக்குத் துணை. அவர் ஓடியாட வேண்டியதில்லை.

வெயிலைப் பற்றி. சப்பை மூக்கு 'பக்' நாயைப் போல மூச்சுக்குத் திணறும் நாய் இல்லை இது, சென்னையைத் தாங்கும். ஆனால் விளையாட்டில் இறங்கினால் தானாக நிற்கத் தெரியாது, அதுதான் பிரச்சினை. நாய்க்கு நாக்கில் ஈரம் ஆவியானால்தான் உடல் குளிரும். நம் கடலோரப் புழுக்கத்தில் அது சரியாக நடக்காது. கத்திரி நாட்களில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார்ச் சாலையில் வைத்து ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. இரைப்பு அடங்காமல், ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உண்ணியை அலட்சியம் செய்தவர்கள்தான் சென்னையில் அதிகம் நாய்களை இழக்கிறார்கள் என்பது என் கருத்து. எர்லிக்கியா, பேபிசியா என்று இரண்டு கிருமிகள் உண்ணி வழியாக வந்து ரத்தத்தைத் தாக்குகின்றன. தினமும் இரவு ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். காது மடலின் வெளி ஓரத்தில் அடிப்பக்கமாக ஒரு சின்னத் தோல் பை மாதிரி மடிப்பு இருக்கும், உண்ணி முதலில் ஒளிவது அதற்குள்தான். பிறகு கால் விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்குக் கீழே, வால் அடி. மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இப்போது நன்றாக வேலை செய்கின்றன, எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டைத் தொடாமல் படுத்துக் கிடந்து, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும்.

சாப்பாட்டில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆறு கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 400 முதல் 450 கலோரி போதும், அதை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். எலும்பில்லாத வேகவைத்த கோழி, சோறு, பூசணி அல்லது கேரட் என்று வீட்டிலேயே செய்யலாம், ஆனால் கால்சியமும் தாதுக்களும் மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டியின் கால் வளைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம் வேண்டவே வேண்டாம். அதில் வெங்காயம் ரத்த அணுக்களை அழிக்கும், வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். சாக்லேட், திராட்சை இரண்டும் கூடாது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது.

இந்த இனத்திலும் வேறு சில டெரியர்களிலும் வரும் ஒரு கண் நோயைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணின் வில்லையைப் பிடித்திருக்கும் நுண்ணிய இழைகள் மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் அறுந்து வில்லை நழுவிவிடும். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2010இல் கண்டறிந்தார்கள். கண் திடீரென்று சிவந்து, கலங்கி, நாய் அதைத் தேய்த்துக்கொண்டு வெளிச்சத்துக்கு அஞ்சினால் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக் காலம் கடத்தாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி ஓரிரு நாளிலேயே பார்வை போய்விடலாம். வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அதிக தூரமில்லை. ஓடும்போது பின்னங்காலை நொடிக்கொருமுறை தூக்கித் துள்ளினால் முழங்கால் சில்லு நழுவுகிறது என்று அர்த்தம், அதையும் அங்கே காட்டலாம்.

குட்டியைப் பார்க்கப் போகும்போது தாயையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பது நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படியே குற்றம். நாய் வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. குட்டியின் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள், வெள்ளை நிறம் அதிகமுள்ள நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. கென்னல் கிளப் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. வாலை வெட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், முழு வாலோடு இருப்பதே அழகு. மாநகராட்சி உரிமம் கட்டாயம், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனை இருக்கிறது, அங்கேயே விசாரித்துவிடலாம்.

உங்கள் பையனுக்கு ஒன்பது வயது என்பது நல்ல வயது. ஐந்துக்குக் கீழ் என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன், காதைப் பிடித்து இழுப்பதை இந்த நாய் பொறுக்காது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எனக்குக் கவலை உங்கள் அம்மாவைப் பற்றித்தான். பதினைந்து வருடம் உயிரோடிருக்கக்கூடிய நாய், பகல் முழுக்க அதோடு இருக்கப் போவது அவர். முன்பணம் கொடுப்பதற்கு முன், வளர்ந்த ஜாக் ரஸ்ஸல் இருக்கும் ஒரு வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போய் ஒரு மாலை முழுக்க உட்கார வையுங்கள். குட்டியைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும், வளர்ந்த நாயைப் பார்த்த பிறகு அவர் சரி என்றால் வாங்குங்கள். தயங்கினால், உங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். தடுப்பூசியும் உண்ணி மாத்திரையும் எலி மருந்து எச்சரிக்கையும் அதற்கும் இதே மாதிரிதான், அம்மாவுக்கு வேலை மட்டும் பாதியாகக் குறையும்.